காட்டை அழகாகப் படம் எடுத்தால் காடு பிழைக்குமா?

மலைநிழல்

இந்த மன்றத்தில் நிலக்காட்சிப் படம் போடுகிற நாம் எல்லோரும் கீழே "இயற்கையைக் காப்போம்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். அந்த வரியால் எங்கேயாவது ஒரு மரம் வெட்டுப்படாமல் நின்றிருக்கிறதா? வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

என் கட்சி இது. படம் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஒரு இடத்தைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, அந்த இடத்தின் பெயரோடு, முடிவெடுக்க வேண்டிய நாளுக்கு முன்னால் வந்த படம்தான் வேலை செய்திருக்கிறது. மற்றதெல்லாம் சுவரில் மாட்டத்தான்.

ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலத்தின் ஃபிராங்க்ளின் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேரும் கோர்டன் ஆற்றில், அதை மூழ்கடிக்கும் ஒரு நீர்மின் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 1982 டிசம்பரில் மறியல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அந்த ஆற்றில் படகில் போய், பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமராவில் ஒரு வளைவை எடுத்திருந்தார். ராக் ஐலண்ட் பெண்ட் என்று இடத்துக்குப் பெயர். ஆற்று நடுவே ஈரமான கரும்பாறை, சுற்றிலும் நுரை, பின்னால் மூடுபனியில் பாதி மறைந்த காடு. 1983 மார்ச் 5-ஆம் தேதி ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தல். அதற்குச் சில நாள் முன்பு செய்தித்தாள்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக இந்தப் படம் வந்தது. இதை அழிக்கப்போகும் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்களா என்பதுதான் அதன் கேள்வி. நாளிதழ் என்றாலே கறுப்பு வெள்ளையாக இருந்த காலம் அது. அணையை நிறுத்துவதாகச் சொன்ன கட்சி ஜெயித்தது. டாஸ்மேனியா மாநில அரசு விட்டுக்கொடுக்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜூலை 1-ஆம் தேதி 4-3 என்று தீர்ப்பு. ஆறு இன்றும் ஓடுகிறது.

இந்தக் கதையில் படத்தோடு தேர்தல் இருக்கிறது, கைதானவர்கள் இருக்கிறார்கள், வழக்கு இருக்கிறது. நாம் போடும் படத்தோடு என்ன இருக்கிறது?

ஒளியளவு

ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறீர்கள் அண்ணா. சண்டையே இல்லாத காலத்தில் எடுத்த படமும் வேலை செய்திருக்கிறது.

கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகள். அந்த அளவுக்குத் தனியாக ஒரு கேமரா, இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், எல்லாம் கோவேறு கழுதை முதுகில். ஈரத்தகடு முறை என்பதால் மருந்து பூசி, காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் தகடு போச்சு. அந்தப் படங்களை 1862-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். நேரில் பார்த்திராத மக்கள் பார்த்து வாய் பிளந்தார்கள். 1864 ஜூன் 30-ஆம் தேதி லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவரும் யோசெமிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம் வேறு.

வாட்கின்ஸ் படம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் யாராவது பார்த்து ஆசைப்பட்டால்தானே அப்புறம் சண்டை போட ஆள் வரும்? ஆசை வருவதற்கு அழகான படம் வேண்டும்.

செங்காந்தள்

யோசெமிட்டி பேச்சு வந்துவிட்டதால் வாட்கின்ஸ் படங்களில் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் போவதற்குப் பத்து வருடம் முன்பு, 1851-இல், மாரிபோசா பட்டாலியன் என்ற ஆயுதப் படை அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடியிருப்புகளையும் சேமித்து வைத்திருந்த உணவையும் எரித்து அவர்களை விரட்டினார்கள்.

படத்தில் தெரியும் திறந்த புல்வெளிகளைப் பாருங்கள். "கைபடாத இயற்கை" என்று நாம் உருகுவது அதைத்தான். அவானீச்சி மக்கள் பருவந்தோறும் தீ வைத்துப் புதரை அழித்ததால்தான் அந்தப் புல்வெளி திறந்திருந்தது. ஓக் மரங்களும் அதனால்தான் தழைத்தன. அவர்கள் போய், தீயும் நின்றபின் ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் ஏறி வந்துவிட்டன. ஆக, வாட்கின்ஸ் எடுத்தது ஒரு சமூகம் பராமரித்த இடம். படத்தில் மட்டும் அது ஆளில்லாத இடம்.

ஆளில்லாத மாதிரிக் காட்டினால் ஆளில்லாமல் ஆக்குவது சுலபம். யெல்லோஸ்டோனும் அப்படித்தான். 1871 ஆய்வுப் பயணத்தில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போயின, 1872-இல் தேசியப் பூங்கா வந்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கேயே வாழ்ந்துவந்த ஷோஷோனி மக்கள் அடுத்த சில வருடங்களில் வெளியேற்றப்பட்டதை யாரும் சொல்வதில்லை.

ஒளியளவு

சரி, அது நியாயம். ஆனால் விரட்டியது படையும் அரசும்தானே, கேமரா இல்லையே.

செங்காந்தள்

கேமராதான் விரட்டியது என்று நான் எங்கே சொன்னேன்? யாரும் கேள்வி கேட்காமல் இருக்க அது உதவியது. இன்றைக்கும் காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவர் ஃபிரேமுக்குள் வந்தால், அவர் நகரும்வரை காத்திருந்துதானே அழுத்துகிறோம்.

புதுக்கேமரா

இழைக்குக் கொஞ்சம் குறுக்கே ஒரு கேள்வி. மன்னிக்கவும். நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். படம் போட்டதும் எல்லோரும் "எந்த இடம்?" என்று கேட்கிறார்கள். இடத்தைச் சொல்லலாமா, கூடாதா? சொல்லாவிட்டால் கஞ்சன் என்கிறார்கள், சொன்னால் மூத்தவர்கள் திட்டுகிறார்கள்.

தொலைவன்

குறுக்கே இல்லை தம்பி, இழையின் நடுமையமே இதுதான்.

ஐஸ்லாந்தில் ஃபியாத்ரார்க்லூஃபூர் என்று ஒரு பள்ளத்தாக்கு. பாசி போர்த்திய குறுகலான இடம், உள்ளூர்க்காரர்களைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது. 2015-இல் ஒரு பிரபலப் பாடகரின் காணொளியில் வந்தது. அப்புறம் அதே மேட்டில் நின்று படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பனி உருகி மண் சேறாகும் பருவத்தில் பாதை வழுக்கும். சேற்றில் கால் வைக்காமல் இருக்க ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், ஓரத்தில் இருப்பது பாசி. அந்தக் குளிரில் பாசி வளர எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019-இல் சில மாதங்களுக்கு மூடவேண்டி வந்தது. கயிறு கட்டியும் தாண்டிப் போனவர்கள் உண்டு.

கலிஃபோர்னியாவில் வாக்கர் கேன்யனில் 2019 மார்ச்சில் மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சுப் பாப்பிப் பூ. போட்டோ எடுக்க வந்த கூட்டத்தில் நெடுஞ்சாலையே திணறியது. பூவுக்கு நடுவே படுத்துப் படம் எடுத்த இடமெல்லாம் பட்டை பட்டையாக நசுங்கிக் கிடந்தது. 2023-இல் மறுபடி பூத்தபோது ஒருவரையும் உள்ளே விடவில்லை.

பாலைவனம் என்றால் இன்னும் மோசம். மண்ணின் மேல்தோலில் கறுப்பாக, மொரமொரப்பாக ஒரு படலம் இருக்கும். நீலப்பச்சைப் பாசியும் காளானும் பாசிச்செடியும் சேர்ந்து மண்ணைக் கட்டிப்பிடித்திருக்கும் உயிர்ப்படலம் அது. காற்றில் மண் பறக்காமல் இருப்பதே அதனால்தான். ஒருமுறை பூட்ஸ் காலால் மிதித்தால் உடையும், பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள். படத்தில் அது வெறும் மண்ணாகத்தான் தெரியும். பார்க்கிறவனுக்கு எங்கே மிதிக்கக்கூடாது என்று எப்படித் தெரியும்?

அதனால் என் வழக்கம்: எந்தப் பகுதி, எந்த மலைத்தொடர் என்று சொல்வேன். நின்ற புள்ளியைச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் சுற்றுலாத்துறையே 2018-இல் இதைத்தான் கேட்டுக்கொண்டது. ஆளை வரவழைப்பதே வேலையாக இருப்பவர்கள், துல்லியமான இடத்தை டேக் செய்யாதீர்கள் என்று சொல்லும் நிலைமை. விதிவிலக்கு: ஏற்கெனவே நடைபாதை, வேலி, காவலர் எல்லாம் உள்ள இடமென்றால் தாராளமாகச் சொல்லலாம்.

ஒளியளவு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் போய்ப் பார்த்துவிட்டோம், மற்றவர்கள் வரவேண்டாம் என்பது என்ன நியாயம்? யார் வரலாம் என்று தீர்மானிக்க நாம் யார்?

ரகசியமாக இருந்ததாலேயே செத்த இடமும் உண்டு. 1950-களில் கொலராடோ ஆற்றுப் படுகையில் வரிசையாக அணைகள் கட்டத் திட்டம். அதில் எக்கோ பார்க் என்ற இடத்துக்காக சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பெரிய போராட்டம் நடத்தியது. படம், திரைப்படம், புத்தகம் என்று எல்லாவற்றையும் இறக்கினார்கள், அந்த அணை கைவிடப்பட்டது. அதே திட்டத்தில் கிளென் கேன்யன் அணையும் இருந்தது. அதற்காகச் சண்டைபோட ஆளில்லை. ஏனென்றால் அதைப் பார்த்தவர்களே சொற்பம். 1956-இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 1963-இல் அணையின் மடையை அடைத்தார்கள். எலியட் போர்ட்டர் எடுத்த கிளென் கேன்யன் படங்கள் புத்தகமாக வந்ததும் அதே 1963-இல்தான். தலைப்பே "யாருக்கும் தெரியாத இடம்" என்ற பொருளில். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது புத்தகம் வந்து என்ன செய்ய?

இடத்தை மறைத்தால் காலடி மிதிபடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாளைக்குப் பொக்லைன் வந்தால் தடுக்கவும் ஆள் இருக்காது.

மலைநிழல்

கிளென் கேன்யன் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது, கவனித்தீர்களா? எக்கோ பார்க் படங்கள் ஓட்டெடுப்புக்கு முன்னால் வந்தன. போர்ட்டர் படங்கள் பின்னால் வந்தன. அழகில் போர்ட்டர் புத்தகம் எத்தனையோ மடங்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. படம் நேரத்துக்கு வந்தும் தோற்ற கதை. ஃபிராங்க்ளினுக்கு முன்னால் அதே டாஸ்மேனியாவில் பெடர் ஏரி. இளஞ்சிவப்பு சாயலுள்ள குவார்ட்ஸ் மணலில் நீண்ட கடற்கரை மாதிரி ஒரு கரை, நடு மலையில். ஒலேகாஸ் ட்ருசானாஸ் பல வருடம் அதைப் படம் பிடித்து, அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார். 1967 காட்டுத்தீயில் அவர் வீடும் சேர்த்துவைத்த ஸ்லைடுகளும் எரிந்துபோயின. மறுபடி முதலிலிருந்து எடுக்கக் கிளம்பினார். 1972 ஜனவரியில் கோர்டன் ஆற்றில் விழுந்து இறந்தார். உடலைக் கண்டெடுத்தது அவரிடம் கற்றுக்கொண்ட டோம்ப்ரோவ்ஸ்கிஸ். அதே வருடம் பெடர் ஏரி அணைநீரில் மூழ்கியது.

பெடருக்கும் படம் இருந்தது, கூட்டம் இருந்தது, கண்ணீர் இருந்தது. ஃபிராங்க்ளினுக்குக் கூடுதலாக இருந்தது சட்டப்பிடி. 1982-இல் அந்தப் பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதை வைத்து மத்திய அரசு தலையிட முடிந்தது. ஒளிப்படக்காரன் சட்டம் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவன் கையில் படத்தைக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸும் அதைத்தான் செய்தார். 1936-இல் படங்களைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போய் நேராக அரசியல்வாதிகளைப் பார்த்தார். 1938-இல் வந்த தன் சியரா நெவாடா புத்தகத்தை உள்துறை அமைச்சர் இக்கிஸுக்கு அனுப்பினார், அவர் மூலம் அது ரூஸ்வெல்ட்டிடம் போனது. 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. நாம் அவருடைய ஒளியைப் படிக்கிறோம், தபால் செலவைப் படிப்பதில்லை.

பனியாறு

இதுவரை பேசியது எல்லாம் அணை, சாலை மாதிரி ஆபத்து. "இதைக் கட்டாதே" என்று சொல்லமுடிகிற ஆபத்து. பருவநிலை மாற்றத்துக்கு எந்த ஓட்டெடுப்புக்கு முன்னால் எந்தப் படத்தைக் காட்டுவீர்கள்?

இங்கே அழகான படம் ஏமாற்றவே செய்யும். அலாஸ்காவின் முயர் பனியாறு. 1941 ஆகஸ்டில் வில்லியம் ஃபீல்ட் ஒரு இடத்திலிருந்து எடுத்தார். ஃபிரேம் நிறையப் பனி. 2004 ஆகஸ்டில் புரூஸ் மால்னியா அதே இடத்தில் நின்று எடுத்தார். பனியாறு 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி ஃபிரேமை விட்டே போய்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது படத்தைத்தான். நீல நீர், பச்சைச் சரிவு, தெளிந்த வானம். 2004 படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் "ஆஹா, என்ன இடம்!" என்று லைக் போடுவோம். என்ன போனது என்று அந்தப் படத்துக்குள் எங்கேயும் எழுதவில்லை. பக்கத்தில் 1941 இருந்தால்தான் வயிற்றைப் பிசையும்.

ஃபீல்ட் கலைக்காக எடுக்கவில்லை. பனியாறுகளை அளப்பவர். நின்ற இடத்தைக் குறித்துவைத்தார், அதனால் 63 வருடம் கழித்து இன்னொருவர் அங்கே போய் நிற்க முடிந்தது. ஜேம்ஸ் பேலாக் 2007-இல் தொடங்கிய பனி ஆய்வும் இதே வழிதான். பாறையில் கேமராவை முடுக்கி, சூரிய மின்தகடு வைத்து, பகல் வெளிச்சம் இருக்கும்வரை இடைவெளி விட்டு ஒரே கோணத்தில் சுட்டுக்கொண்டே இருக்கும். புயலில் கேமரா உடைந்தது, பாறை விழுந்து நொறுங்கியது, டைமர் கோளாறு, எல்லாம் பட்டார்கள். தனித்தனியாக எடுத்தால் அதில் பல படங்கள் சாதாரணம். வரிசையாக ஓட்டினால் பனி மலை இறங்கி ஓடுவது தெரிகிறது.

நம் கூட்டத்துக்கு இது பிடிக்காது. ஒரே இடத்துக்குத் திரும்பப் போவதா, அதுவும் நட்டநடு மதிய வெளிச்சத்தில்?

செங்காந்தள்

பனியாறு சொன்னது நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி இருக்கிறது. விடிகாலை, அந்திப்பொழுது இரண்டு வேளையில் மட்டும் படம் எடுப்பதால் உலகம் முழுக்கப் பொன்வெளிச்சத்தில் சுகமாக இருப்பது போல ஒரு பொய்யைப் பரப்புகிறோம். காய்ந்த ஏரியும் அந்த வெளிச்சத்தில் அழகுதான். வெடித்த சேற்றுப் படம் எத்தனை பேர் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள்!

அப்புறம் எடிட். மின்கம்பியை அழிப்பது, வானத்தையே மாற்றி ஒட்டுவது.

ஒளியளவு

ஆடம்ஸும் இருட்டறையில் வானத்தைக் கறுப்பாக்கினவர்தான் அக்கா. நிலவுதயப் படத்தின் ஆரம்பகாலப் பிரதியையும் பிந்தைய பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வானம் வேறு வேறு. எடிட்டே கூடாது என்றால் ஒளிப்படமே கிடையாது.

செங்காந்தள்

வானத்தைக் கறுப்பாக்கட்டும். இல்லாத நிலவைக் கொண்டுவந்து வைக்கவில்லையே அவர். என் கோடு எளிமையானது. பிளாஸ்டிக் பாட்டில் கிடந்தால் நடந்துபோய் எடுத்துப் பையில் போட்டுவிட்டு அழுத்துங்கள், அது இரட்டைப் புண்ணியம். மின்கம்பி, சாலை, வெட்டுமரம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது அந்த நிலத்தின் இன்றைய நிலைமை. 1975-இலேயே அமெரிக்காவில் ஒரு கண்காட்சி நடந்தது, மனிதன் மாற்றிய நிலத்தைப் பற்றி. ராபர்ட் ஆடம்ஸ் போன்றவர்கள் புறநகர் வீட்டு வரிசையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் நிலக்காட்சியாகவே எடுத்தார்கள். மலை பின்னால் சிறிதாக நிற்கும். பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் நேர்மை.

தொலைவன்

சேதத்தை மட்டும் காட்டினாலும் ஆபத்து இருக்கிறது. எட்வர்ட் பர்டின்ஸ்கி எடுத்த சுரங்கக் கழிவுப் படங்களைப் பாருங்கள். நிக்கல் கழிவு ஆறு செந்நிறத்தில் எரிமலைக் குழம்பு மாதிரி மின்னும். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அதையும் வரவேற்பறையில் மாட்டலாம் போல இருக்கிறது என்பதுதான் சிக்கல். கழிவும் அழகாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், எரிந்த காடு, செத்த மிருகம் என்று நாள் முழுக்கக் காட்டினால் ஆட்கள் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

ஒளிப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ இரண்டுக்கும் நடுவே ஒன்று செய்தார். பிரேசிலில் குடும்பப் பண்ணை மொட்டையாகிக் கிடந்தது. மனைவி லேலியாவின் யோசனைப்படி 1998-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, அங்கே மரம் வளர்க்கத் தொடங்கினார்கள், போகப்போக அது இருபது லட்சத்தைத் தாண்டியது. அப்புறம்தான் உலகின் கெடாத இடங்களைத் தேடிப் படமெடுக்கும் பெரிய வேலையில் இறங்கினார். மரம் வந்தபின் படம். எல்லோராலும் பண்ணை வாங்க முடியாது, தெரியும்.

புதுக்கேமரா

அடேயப்பா. நான் லென்ஸ் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தேன். சரி, நடைமுறையில் என்ன செய்யட்டும்? பனியாறு சொன்ன மாதிரி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பனியாறு

அடிக்கடி போக முடிகிற, மாறக்கூடிய ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடை, சதுப்பு, காட்டின் ஓரம், மணல்திட்டு. தூரத்து மலை வேண்டாம், அது நம் ஆயுளில் அசையாது.

அசையாத ஒன்றை வைத்து நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பெரிய பாறை, பாலத்துத் தூண். அதிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதுங்கள். ட்ரைபாட் உயரத்தையும் எழுதுங்கள், இடுப்பளவு என்றால் இடுப்பளவு. ஃபிரேமின் ஒரு மூலையில் முன்னால் இருக்கும் பாறையும் பின்னால் இருக்கும் சிகரமும் எங்கே ஒன்றை ஒன்று தொடுகின்றன என்று பாருங்கள். அடுத்த முறை அந்த இரண்டும் அதே மாதிரி தொட்டால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், இந்த முறை காட்டாது. பழைய படத்தை அச்சடித்துக் கையில் எடுத்துப் போவது நல்லது.

ஜூம் லென்ஸ் என்றால் ஒரே அளவில் வையுங்கள். ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்துப் பச்சையையும் கோடையில் காய்ந்து கிடப்பதையும் பக்கத்தில் வைத்து "காடு அழிந்தது" என்று யாராவது பரப்பிவிடுவார்கள். அந்தப் பொய் ஒருமுறை பிடிபட்டால் உண்மையான படத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மலைநிழல்

கூடவே படக்குறிப்பு. "சொர்க்கம்" என்று எழுதாதீர்கள். தேதி, பகுதி, போன வருடம் தண்ணீர் எதுவரை இருந்தது, இப்போது எதுவரை, அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது, அதைப் பற்றி ஏதாவது திட்டம் பேசப்படுகிறதா. நாலு வரி போதும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏதாவது வந்தால் அந்த நாலு வரிதான் கைகொடுக்கும். பொறுப்பில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பதில் வராது. வராவிட்டாலும் அனுப்பிய தேதி உங்களிடம் இருக்கும்.

ஒளியளவு

நான் விடிகாலைப் படத்தை விடப்போவதில்லை, சொல்லிவிட்டேன். புதுக்கேமராவை இந்த இழைக்கு இழுத்து வந்ததே ஏதோ ஒரு விடிகாலைப் படமாகத்தான் இருக்கும்.

புதுக்கேமரா

உங்களுடைய மூடுபனி ஏரிப் படம்தான் அண்ணா. எந்த ஏரி என்று கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை.

தொலைவன்

ஹாஹா. ஒளியளவு, யார் வரலாம் என்று தீர்மானிக்க நாம் யார்?

ஒளியளவு

அங்கே கரையில் பறவை கூடு கட்டும் காலம் அது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சொல்வேன். தம்பி, தனிச்செய்தியில் வாருங்கள்.

பனியாறு

புதுக்கேமரா, ஒன்று விட்டுப்போச்சு. ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை, தேதியோடு அப்படியே பத்திரமாக வையுங்கள், எடிட் செய்ததைத் தனியாக வையுங்கள். வலையில் ஏற்றும் பிரதியில் மட்டும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். பல கைபேசிகளில் பகிரும்போதே அதற்கு ஒரு தேர்வு இருக்கும். மூலக் கோப்பில் நீக்காதீர்கள், அடுத்து வந்து நிற்பவருக்கு அது தேவைப்படும்.